எருதுக்குப் போட்ட அதே சைஸில்

1

"ஒரே ஒரு வார்த்தை, எழிலு. மைக்கைப் புடிச்சு, தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்கங்கன்னு…"

"எதுக்கு மாமா? கார் ஓட்டனதுக்கா?"

"நான் பேசறப்ப குறுக்க வராத. ஊரே சொல்லுது, இந்தப் புள்ளைக்கு இவ்ளோ…"

"ஊரு சொல்லல. டி.வி. சொல்லுது. ஊரு அத வாந்தி எடுக்குது."

"பஸ்சுல இருக்கறோம், மெதுவா பேசு."

"நீங்கதான் கத்தறீங்க."

"நான் எங்க கத்தறன்!" என்று அவர் கத்தினார்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி போகும் டவுன் பஸ், ஜன்னல் சீட்டு, எனக்குப் பின்னால் இரண்டு குரல்கள். நான் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் பேச்சு நின்றுபோகும். எனக்குக் கதைகள் முகமாக வருவதில்லை; பேச்சாகத்தான் வரும். முகத்தை அப்புறம் தேடிப் பொருத்திக்கொள்வேன், சில சமயம் பொருத்தாமலே விட்டுவிடுவேன்.

மேலே இருப்பதில் பாதி நிஜமாகக் கேட்டது. மீதி என் கைவேலை. எது எது என்று இப்போது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

எனக்கு முந்தின ஸ்டாப்பில் அவர்கள் இறங்கிவிட்டார்கள். நான் எட்டிப் பார்த்தபோது படிக்கட்டில் தெரிந்தது நீளமாகச் சுருட்டிய ஒரு ஃப்ளெக்ஸ் மட்டும். "நேரா புடிம்மா, யாரு கண்ணுலயாவது குத்தப் போவுது" என்று கண்டக்டர் சொன்னார். பஸ் நகர்ந்துவிட்டது. அந்தச் சண்டை எப்படி முடிந்தது, அந்த ஃப்ளெக்ஸில் என்ன இருந்தது, எனக்குத் தெரியாது. அந்தக் கார் ஓட்டியவள் யார் என்றும் தெரியாது. அப்படி ஒருத்தி இருக்கிறாளா? இனிமேல் இருப்பாள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'தொப்பூர் கணவாயில் பனி விலகாத ஒரு காலைப்பொழுதில்…'

பனிக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

'பெண்ணின் வேகத்தை இந்தச் சமூகம் எப்போதுமே…'

இது கட்டுரை. நல்ல கட்டுரையும் இல்லை.

'எழிலரசி கடையைத் திறந்தாள்.'

சரி. இதற்குமேல் நடக்கலாம்.

எழிலரசி கடையைத் திறந்தாள். நல்லம்பள்ளி தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் இருக்கிறது கடை. ஜெராக்ஸ், பட்டா விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் படம், ஃப்ளெக்ஸ் டிசைன். பெரிய மெஷின் தர்மபுரியில் இருப்பதால் டிசைனை இங்கே செய்து அங்கே கொண்டுபோய் அடித்துவருவாள். காலையில் கடைக்கு முதலில் வருகிறவர் வாடிக்கையாளர் இல்லை, அவளுடைய தாய்மாமன் கிருஷ்ணப்பன். தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படிப்பார். விளையாட்டுச் செய்தி அங்கேதான் இருக்கிறது.

அவரிடம் ஓர் எருது உண்டு. வீட்டில் அதற்குப் பெயர் செவலை. ஃப்ளெக்ஸில் 'தொப்பூர் எக்ஸ்பிரஸ்'. இந்தப் பக்கம் பொங்கல் கழிந்ததும் எருது விடும் விழா நடக்கும். மாட்டைக் கட்டிப்பிடித்து அடக்குவதெல்லாம் இங்கே கிடையாது. இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய பாதையில் ஒவ்வொரு எருதாக அவிழ்த்து விடுவார்கள்; எது குறைந்த நேரத்தில் கோட்டைத் தாண்டுகிறதோ அதற்கு முதல் பரிசு. அந்த விழாக் கமிட்டிக்குக் கிருஷ்ணப்பன்தான் தலைவர். செவலையை அவிழ்க்கும் கணத்தில் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். அது கோட்டைத் தாண்டும்வரை துண்டு தோளுக்குத் திரும்பாது. ஏன் என்று கேட்டால், "அது ஓடறப்ப நான் மட்டும் சொகமா போத்திக்கிட்டு நிக்கறதா?" என்பார்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்குக் கார்ப் பந்தயம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. தேவிப்பிரியாவைத் தெரியும்.

பால்வண்டி ஓட்டும் மாதையனின் மகள். அதே ஊர். ரேஸ் ஓட்டுவதற்கான லைசென்ஸ் விண்ணப்பத்தை எழிலரசியின் கடையில்தான் பிரிண்ட் எடுத்தாள். அதில் ஒட்டிய படத்தை எடுத்ததும் எழிலரசிதான். சென்னைக்குப் பக்கத்தில் ஓர் ஓடுதளம். அதில் இதுவரை ஆணோ பெண்ணோ யாரும் சுற்றாத வேகத்தில் அவள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அந்த வீடியோ எழிலரசியின் கம்ப்யூட்டருக்கு வந்த காலையில் கடையில் மூன்று பேர். மூன்றாவது ஆள் ராமக்காள், ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்.

கேமராவைக் காருக்குள்ளேயே வைத்திருந்தார்கள். முகம் தெரியாது. தெரிவதெல்லாம் ஸ்டியரிங்கில் இரண்டு கை, முன்னால் ஓடிவரும் தார் ரோடு.

"சவுண்டைக் கொறையம்மா, காது கிழியுது."

"மாமா, பேசாதீங்க."

"இது என்ன, திருப்பமா? இவ்ளோ வேகத்துலயா போவா? ஏ… ஏ… ஏ…"

"திரும்பிட்டா."

"எப்படித் திரும்பனா?"

"தெரியல."

"திருப்பம்னா எருது மெரளும். எந்த எருதா இருந்தாலும் ஒரு நொடி தயங்கும். இவ திருப்பம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கறா, எழிலு."

"மாமா."

"கையைப் பாரு. கையைப் பாரேன். கொழந்தை வெரலைப் புடிக்கற மாதிரி புடிச்சிருக்கறா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எழிலரசி திரும்பிப் பார்த்தபோது துண்டு அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

சுற்று முடிந்தது. கார் வேகம் குறைந்து, நின்றது. அந்த இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு எடுக்கப்படாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

"இது நம்ம மாதையன் மவளா?" என்றார் ராமக்காள். "தூக்குவாளியில பால் கொண்டாந்து குடுக்குமே, அதுவா?"

"அதேதான், ஆத்தா."

"எனக்கு ஒடம்பெல்லாம் சிலுக்குது. மறுபடி போடு."

மறுபடி போட்டாள். வெளியே ஜெராக்ஸுக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிட்டு மறுபடி போட்டாள். துண்டு வெகுநேரம் தோளுக்குத் திரும்பவில்லை.

[ஒரு வார்த்தை. நான் கார்ப் பந்தயம் பார்த்ததில்லை. இந்தப் பகுதியை எழுதும்போது கிருஷ்ணப்பன் பேச்சை நிறுத்திய இடம் வந்ததும் எனக்கும் பேனா நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஓர் உவமை போடலாம் என்று மின்னல், அம்பு, கழுகு என்று வரிசையாக முயன்றேன். எதுவும் அந்தக் கைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. விட்டுவிட்டேன்.]

3

மறுநாள் பேப்பர் வந்தது.

"படத்தைப் பாருங்க மாமா. கார் முழுசா இருக்குது. டயர்கூட முழுசா இருக்குது. இவ எங்க?"

"கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கறாளே."

"அது ஹெல்மெட்டு."

"ஹெல்மெட்டுக்குள்ள இருப்பா."

"பேரு எங்க இருக்குது தெரியுமா? கடைசிப் பத்தியில. அதுக்கு முன்னாடி கார் கம்பெனி, எஞ்சின், என்ஜினியரு, ஸ்பான்சரு. அப்பறம் இதைப் படிங்க. பழைய ரெக்கார்டு வச்சிருந்த ஆளு, அவருக்கு அரைப்பக்கம் பேட்டி. இப்பெல்லாம் டயரு நல்லா வருதுங்கறார்."

கிருஷ்ணப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஏன், அவரு காலத்துல டயரு சதுரமா இருந்துச்சாமா?"

எழிலரசி சிரித்துவிட்டாள். அதுதான் அவர்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது என்று எழுதினால் கதைக்கு ஒரு கனம் வரும். ஆனால் பொய். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஒரு வாரப் பத்திரிகை அவளுக்கு என்ன குழம்பு வைக்கத் தெரியும் என்று கேட்டிருந்தது. இன்னொன்று, அப்பாவின் பால்வண்டியில்தான் வேகம் பழகினாள் என்று எழுதியிருந்தது. "அந்த வண்டியா?" என்றார் கிருஷ்ணப்பன். "அதுல ரெண்டாவது கியருக்கு மேல போனா பால் தயிராயிடும்."

சிரிப்பு நின்றது டி.வி.யில்.

பேட்டி எடுத்தவர் கேட்ட கேள்வி நீளமானது. அருமையான கார், அற்புதமான டீம், அப்பாவின் தியாகம், கடவுளின் அருள், இத்தனையும் சேர்ந்துதான் இந்தச் சாதனை, இதை யாருடைய சாதனை என்று சொல்வீர்கள் என்று கேட்டார். தேவிப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னாள்:

"ஓட்டனது நாந்தாங்க."

மறுநாள் அந்தக் கேள்வி காணாமல் போயிருந்தது. பதில் மட்டும் இருந்தது. பின்னால் ஒரு முரசுச் சத்தம் சேர்த்து, அவள் முகத்தைப் பக்கத்தில் இழுத்து, 'ஓட்டனது நாந்தாங்க', 'ஓட்டனது நாந்தாங்க' என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். சாயங்காலம் ஒரு விவாதம்: 'இளம் சாதனையாளர்களுக்குத் தலைக்கனம் கூடுகிறதா?' நான்கு பேர் உட்கார்ந்து பேசினார்கள். நான்கு பேரும் வருத்தப்பட்டார்கள்.

"சொன்னதுல தப்பில்ல, எழிலு. சொன்ன விதம்…"

"என்ன விதம்?"

"கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்."

"சிரிச்சிருந்தா எளக்காரமா சிரிச்சான்னு போட்டிருப்பான்."

"அப்பாவைச் சொல்லியிருக்கலாம்."

"அப்பாவா ஓட்டனாரு? உங்களுக்கே தெரியும், அந்தக் கை உங்களுக்கே தெரியும். துண்டை எடுத்தீங்களே அன்னிக்கு, யாருக்கு எடுத்தீங்க? டயருக்கா?"

கிருஷ்ணப்பன் பேப்பரை மடித்தார்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல் வந்தது. கதைக்கு ஒரு கெட்டவர் தேவை என்று நினைத்து, அதற்காகவே கிருஷ்ணப்பனை உட்காரவைத்திருந்தேன். 'அவர் மீசையை முறுக்கியபடி ஏளனமாக…' என்று ஒரு வரிகூட எழுதினேன். அவர் மீசையைத் தொடவே இல்லை. "நான் என்ன அவளுக்கு எதிரியா?" என்றுதான் அவர் குரல் கேட்டது. எழிலரசியிடம் கேட்டாரா என்னிடம் கேட்டாரா தெரியவில்லை. மீசை வரியை அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். எருது விழா மேடையில் தேவிப்பிரியாவுக்குப் பொன்னாடை போர்த்துவதாகக் கமிட்டி முடிவு செய்திருந்தது. டி.வி.க்குப் பிறகு கமிட்டியில் முணுமுணுப்பு. பொன்னாடை இருக்கட்டும், முதலில் மைக்கில் ஒரு வார்த்தை மன்னிப்பு, பிறகு பொன்னாடை என்றார்கள். கிருஷ்ணப்பனும் தலையாட்டிவிட்டார்.

"ஒரு விசில் போதும், எழிலு. ஓடி வர்ற எருது முன்னாடி கூட்டத்துல எவனாவது ஒருத்தன் விசிலடிச்சா, அது தெகைச்சுப் போயி நின்னுடும். அப்பறம் ஜென்மத்துக்கும் அந்தப் பாதையில ஓடாது. நான் பாத்திருக்கறன். இந்தப் புள்ள மேடையில ஏறறப்ப எவனாவது தலைக்கனம்னு கத்திட்டான்னு வை. அதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டா அவன் வாய் அடைஞ்சுடும். நான் அவளை உள்ள கூட்டிட்டு வர்றதுக்குத்தான் வழி பாக்கறன்."

இதைக் கேட்டபிறகு அவரைக் கெட்டவராக்க என்னால் முடியவில்லை. ஆனால் அவர் சொல்வது சரி என்றும் எழுத முடியவில்லை. காரணம், அதற்குள் எழிலரசி போனில் பேசிவிட்டாள்.

"அக்கா, ஊருக்கு வரட்டுமா?"

"இது என்ன கேள்வி? உன் ஊரு."

"அதான் கேக்கறன். டி.வி.ல கேட்டா எந்திரிச்சு வந்துடலாம். நம்மூர்லயும் அதையே கேட்டா எங்கக்கா எந்திரிச்சுப் போறது?"

"யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

"நெஜமாவா?"

"நெஜமா."

"அப்ப உங்களை நம்பி வரன்க்கா."

போனை வைத்தபிறகுதான் எழிலரசிக்கு உறைத்தது. யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டாள். கமிட்டி அவள் பேச்சைக் கேட்காது. மாமா சொன்னால்தான் கேட்கும். மேடையில் யாராவது ஒருவர் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டால் போதும், அந்தப் பெண் இனி இந்த ஊர்ப் பக்கம் திரும்பமாட்டாள். எழிலரசியிடம் போனில் 'அக்கா' என்று பேசவும் மாட்டாள்.

5

அதனால் எழிலரசி தன்னால் முடிந்ததைச் செய்தாள். ஃப்ளெக்ஸ்.

ஊர் இதுவரை பார்க்காத ஃப்ளெக்ஸாக அது இருக்க வேண்டும். பேப்பரில் வந்த படமெல்லாம் வெட்கப்பட்டு ஓட வேண்டும். கம்ப்யூட்டரில் போன வருட விழாவுக்குச் செய்த 'தொப்பூர் எக்ஸ்பிரஸ்' ஃபைலைத் திறந்தாள். அதுதான் அவள் செய்ததிலேயே நல்லது. அதைப் பார்த்துத்தான் ஓசூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. செவலையைத் தூக்கினாள். அந்த இடத்தில் காரை வைத்தாள். இழுத்தாள். இன்னும் இழுத்தாள். ஃப்ளெக்ஸின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கார் நிறைந்தது. குளம்படியில் பறந்த புழுதியைச் சக்கரத்தடியில் புகையாக்கினாள். பின்னால் நெருப்பு. மேலே 'வருக! வருக!'. கீழே, எருதுக்காரர் படம் இருந்த சின்ன வட்டத்தில் தேவிப்பிரியா, எழிலரசியே எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். அடுத்தடுத்த வட்டங்களில் கமிட்டிக்காரர்கள், கும்பிட்ட கையோடு மாமா. 'மண்ணின் மைந்தர்' என்று பழைய எழுத்து அப்படியே இருந்ததைக் கடைசி நேரத்தில் பார்த்து, 'மண்ணின் மகள்' என்று மாற்றினாள். அதைக் கவனித்ததில் அவளுக்கே ஒரு பெருமை.

(இந்தப் பகுதியை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு சொல்கூட அடிக்கவில்லை. வழக்கமாக அப்படி வந்துவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும். இந்த முறை வரவில்லை.)

தர்மபுரிக்குக் கொண்டுபோனாள். கூட வந்தார் மாமா. மெஷினிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியதை அங்கிருந்த ஆள் சூடு ஆறுவதற்குள் சுருட்டிக் கொடுத்துவிட்டார். மாமா அப்போது வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். அவர்களுக்கு முன் சீட்டில் யாரோ ஒரு பெண்பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சண்டை அங்கே தொடங்கியது. நீங்கள் கேட்டதுதான்.

6

நான் கேட்டது பஸ்ஸோடு முடிந்தது. இனி வருவது அவர்கள் இறங்கிய ஸ்டாப்பில், நான் இல்லாத இடத்தில். ஆனாலும் குரல் தெளிவாகவே கேட்கிறது.

"உங்க செவலை போன வருஷம் முதல் பரிசு வாங்குச்சு."

"இப்ப அது எதுக்கு?"

"தடுப்பை இடிச்சுத் தள்ளுச்சு. மைக்செட்டு ஒயரை அத்துவுட்டுச்சு. பஞ்சாயத்துத் தலைவருக்கு வச்சிருந்த மாலையைத் தின்னுச்சு. மன்னிப்பு கேட்டுச்சா?"

"எருது எங்கம்மா பேசும்?"

"அதான் கேக்கறன். அது பேசல, கழுத்துல மாலை போட்டீங்க. இவ பேசிட்டா. அதானே மாமா? ஓட்டனதுல யாருக்கும் வருத்தம் இல்ல. வாயைத் தொறந்ததுலதான்."

கிருஷ்ணப்பன் அவளிடமிருந்து வாங்கி வைத்திருந்த ஃப்ளெக்ஸை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். ரோட்டில் ஒரு லாரி போனது, அதன் பின்னால் இன்னொன்று.

"அந்த வீடியோவைப் போடு" என்றார்.

"எது, பேட்டியா?"

"ஓட்டறது."

வெயிலில் செல்போனில் எதுவும் தெரியவில்லை. அவர் ஃப்ளெக்ஸைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்து இரண்டு பேர் தலைக்கும் மேலே கூடாரம் மாதிரி பிடித்தார். அதற்குள் குனிந்து பார்த்தார்கள். ஆயிரம் தடவை பார்த்ததுதான். இருந்தும் அந்தத் திருப்பம் வரும்போது எழிலரசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் மாமாவின் மூச்சும் நின்றது. அந்தக் கைகள் அசைந்ததாகவே தெரியவில்லை. ரோடுதான் அவற்றுக்காக வளைந்துகொடுத்தது போல இருந்தது. இப்படி ஒன்றைத் தன் ஊர்க்காரி செய்கிறாள், தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து 'மூக்கு பெருசா விழுதுக்கா' என்று சிரித்தவள் செய்கிறாள் என்பது எழிலரசிக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இருந்தது.

வீடியோ முடிந்தும் அவர் துண்டை இறக்கவில்லை.

"இவகிட்டப் போயி…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பிறகு, "மைக்கை நானே வச்சுக்கறன். எவன் கேட்டாலும் குடுக்க மாட்டன். எவனும் அவளை ஒண்ணும் கேக்க மாட்டான். போதுமா?"

"போதும் மாமா."

"விசிலடிச்சான்னா?"

"நீங்கதான் இருக்கறீங்களே."

"இருக்கறன், இருக்கறன். ஃப்ளெக்ஸு பெருசா இருக்குதுல்ல?"

"எருதுக்குப் போட்ட அதே சைஸு."

"அப்ப சரி" என்றார் மாமா.

7

முடிவுகள்.

முதலாவது: தேவிப்பிரியா வருகிறாள். யாரும் கேட்காமலே தானாக மைக்கை வாங்கி, 'யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால்…' என்கிறாள். முழுதாக எழுதிவிட்டேன். வாய்விட்டுப் படித்தபோது அது அவள் குரல் இல்லை. அந்த விவாதத்தில் உட்கார்ந்திருந்த நான்கு பேரில் ஒருவர் குரல். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: அவள் வரவே இல்லை. ஆள் இல்லாத மைதானத்தில் ஃப்ளெக்ஸ் காற்றில் அடித்துக்கொள்கிறது. படிப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் இதில் யாரும் பேசவில்லை. பேச்சு கேட்காத முடிவு எனக்கு எழுத வராது.

மூன்றாவது: மொத்த ஊரும் எழுந்து, 'ஓட்டனது நீதாம்மா!' என்று ஒரே குரலில்… எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.

முடிவு பிடிபடாமல் முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். எல்லாரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். எழிலரசி பேசுகிறாள், கிருஷ்ணப்பன் பேசுகிறார், ராமக்காள் பேசுகிறார், பேப்பர் பேசுகிறது, டி.வி. பேசுகிறது, எல்லாரையும்விட அதிகமாக நான் பேசுகிறேன். செவலைக்குக்கூட இரண்டு பெயர் கொடுத்திருக்கிறேன். அவள் ஒருமுறை டி.வி.யில் பேசினாள், ஒருமுறை போனில். அவள் என்ன நிறம், எப்படி நடப்பாள், அந்தத் திருப்பத்தில் அவளுக்கு என்ன தோன்றியது, ஒன்றும் இல்லை. அவள் ஓட்டியதை எழுதிய இடத்திலும் கையைத்தான் எழுதியிருக்கிறேன்.

அதனால் இப்போது அவளை வரச் சொல்கிறேன். வந்து அவள் கேட்பதைக் கேட்டு எழுதிவிட்டு நான் எழுந்துகொள்வேன். பதில் என்னிடம் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் அவளிடமே சொல்லிவிடுங்கள்.

8

விழா மைதானத்து வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறியதும் கூட்டம் வாயைப் பிளந்தது.

"அடேங்கப்பா! அப்படியே மேல ஏறி வர்ற மாதிரி இருக்குது, எழிலு!" என்றார் மாமா. அவர் இப்போதுதான் அதை விரித்துப் பார்க்கிறார். ராமக்காள் கிட்டப் போய் டயரைத் தொட்டுப் பார்த்தார். போட்டோ எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எழிலரசிக்குக் கால் தரையில் இல்லை.

அப்போது பால்வண்டி வந்தது. ரெண்டாவது கியரில்.

மாதையன் ஓட்ட, பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. யாரும் சொல்லவில்லை, எருது வரும்போது விலகிப் பழகிய கால்கள், தானாக விலகின. விசில் வரவில்லை.

இறங்கினாள். நீலச் சுடிதார், ரப்பர் செருப்பு, வெயிலில் கறுத்த முகம். இவ்வளவு சின்ன உருவமா என்று எழிலரசிக்கே அன்று புதிதாக இருந்தது. எல்லாரும் அவள் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள்.

"ஏ சாமி, இந்தக் கையா?" ராமக்காள் அவள் வலதுகையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு கையுந்தாங்க ஆத்தா."

யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. கிருஷ்ணப்பன் மேடையில் மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். துண்டு அக்குள் இடுக்கில் இருந்தது. பேசுவதற்கு வாயைத் திறந்தார். நான்கு மூலையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அவர் அப்படியே நின்றார், மைக்கை விடாமல்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று போனில் சொன்னாளே, அதேபோல. எழிலரசி தேவிப்பிரியாவின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

"இதை இன்னும் பாக்கலையே நீ. பாரு. எப்படி இருக்குது?"

தேவிப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அவள் கண் போனது. நெருப்பைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், திரும்ப முதல் ஓரத்துக்கு வந்தாள். கூட்டத்தில் தன் ஆளைத் தேடுகிறவள்போல மெல்ல, விட்டுப்போகாமல் பார்த்தாள்.

"கார் ரொம்ப நல்லா வந்திருக்குதுக்கா" என்றாள். "இதுல நான் எங்க இருக்கறன்?"